வெள்ளைக் கதவில் மஞ்சள் கோடு

கண்ணுக்கு மூன்று விலை போட்டிருந்தார்கள். பதினெட்டாயிரம், முப்பத்திரண்டாயிரம், அறுபதாயிரம். ஓட்டல் சாப்பாட்டு அட்டை மாதிரி பளபளவென்று ஓர் அட்டை. அதில் மூன்று லென்சுக்கும் தனித்தனியாகப் படம். கீழே, பார்வை சரியில்லாதவர்கள் படிக்கவே முடியாத பொடி எழுத்தில், 'ஒரு கண்ணுக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது.

"ரெண்டு கண்ணையும் சேத்து எடுத்தா இன்னா கொறைப்பீங்க?" என்று கேட்டார் தட்சிணாமூர்த்தி.

எதிரில் இருந்த நிஷா என்கிற பெண்ணுக்கு அந்த ஆஸ்பத்திரியில் லென்சு விவரம் சொல்வதுதான் வேலை. "சார், இது ஃபிக்ஸட் ரேட்."

"ஃபிக்ஸட் ரேட்டுன்னு போர்டு மாட்டிகினுதாம்மா நானும் முப்பத்தோரு வருஷமா கடை நடத்துறேன். அது எவ்ளோ ஃபிக்ஸட்டுன்னு எனுக்குத் தெரியாதா?"

"அதில்ல சார். டாக்டர் மொதல்ல வலது கண்ணு புரைக்குத்தான் எழுதியிருக்காரு. இடது கண்ணு ஆறு வாரம் கழிச்சுதான்."

"சரி. உள்ள இருக்கிற பழைய லென்ச எடுப்பீங்கல்ல, அது யாருக்கு?"

"எது சார்?"

"என் கண்ணுல இருக்கிறதும்மா. அறுவத்தி மூணு வருஷத்து சரக்கு. அத்த நீங்க எடுத்துக்கினா ஒரு தொகை கழிக்கணுமில்ல? மிக்ஸிக்கே எக்ஸ்சேஞ்ச் குடுக்குறான்."

நிஷா திரும்பி அவர் மனைவி கமலத்தைப் பார்த்தாள். கமலம் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நாலு வருடத் தாம்பத்தியத்தில் அவளுக்குக் கைவந்த பார்வை அது.

கடைசியில் முப்பத்திரண்டாயிரத்துக்கு முடிந்தது. தட்சிணாமூர்த்தி தன் கடையிலும் லைனிங் துணியை மூன்று விலையில்தான் வைத்திருந்தார். ஓரத்து விலை இரண்டும், நடு விலையை எடுக்கவைப்பதற்காக நிற்கிற சும்மா விலைகள். அந்த ரகசியம் முழுக்கத் தெரிந்தும் அவர் நடு விலையைத்தான் எடுத்தார். கூடவே ஒரு சொட்டு மருந்தையும் கறுப்புக் கண்ணாடியையும் இலவசமாக வாங்கிக்கொண்ட பிறகே நாற்காலியை விட்டு எழுந்தார்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், வேம்புலியின் கரும்பு ஜூஸ் மெஷினை ஒட்டி இருக்கிறது தட்சிணாமூர்த்தியின் ஜோடி மேட்சிங் சென்டர். அகலம் எட்டடி. அதற்குள் ஆயிரத்து நானூறு ரவிக்கைத் துண்டுகள், லைனிங், உள்பாவாடை, புடவை ஓரம் அடிக்கிற கமலத்தின் பிக்கோ மெஷின். பெண்கள் புடவையோடு வருவார்கள், அதற்குப் பொருத்தமான துண்டோடு போவார்கள். நமக்கெல்லாம் பச்சை என்றால் பச்சை. தட்சிணாமூர்த்திக்குக் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாழைக்குருத்து, மாவிலை என்று பச்சையிலேயே முப்பத்தாறு. புடவையை ஒரு பார்வை பார்ப்பார். முகம் வாடிக்கையாளர் பக்கம் இருக்கும்போதே கை பின்னால் போய் அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவி, மெஷினில் இருக்கிற கமலத்திடம் வீசும். அவள் மடித்து உறையில் போட்டுத் தருவாள். பட்டாபிராமிலிருந்தும் ஆவடியிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் உண்டு. 'தப்பாத கண்ணு' என்று பெயர்.

என்னதான் பெயர் எடுத்த கண்ணாக இருந்தாலும், துண்டை வெயிலில் வைத்துப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் வாங்க மாட்டாள். மெட்ரோ பாலம் வந்த பிறகு கடை வாசலில் வெயில் விழுவது பதினொரு மணியிலிருந்து ஒன்றேகால் வரைதான். அதுவும் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்கு. அந்த இடத்தில் யாராவது ஜூஸ் கிளாசோடு நின்றால் வேம்புலியே விரட்டுவான். "நவுந்து நில்லு நைனா, அது மேட்சிங் வெயிலு."

தொழிலில் தட்சிணாமூர்த்திக்கு ஒரு சூத்திரம் இருந்தது. "கரை நெறத்தத் தின்னும்மே" என்பார். வாடாமல்லிக் கரை போட்ட புடவையில், கரை பக்கத்து நிறத்திலிருந்து சிவப்பைத் தின்றுவிடும். மிஞ்சுவது பச்சையாகத் தெரியும். ஆகவே புடவை உடலின் நிறத்தையே அச்சாக எடுத்தால் ரவிக்கை பொருந்தாது. கரை எவ்வளவு தின்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி ஒரு படி தள்ளித் துண்டு எடுக்க வேண்டும். இதை அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கினார். யாரும் காதில் வாங்கவில்லை. மெஷினில் இருந்த ஒருத்திதான் முப்பது வருடமாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

நாலு வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதம், சந்தனக் கலர் கேட்ட ஒருத்திக்குத் தட்சிணாமூர்த்தி வெள்ளைத் துண்டை உருவி வீசினார். கை தவறி வந்தது என்று நினைத்துக் கமலம் சத்தமில்லாமல் மாற்றி வைத்தாள். அடுத்த வாரம் கருநீலத்துக்குக் கறுப்பு வந்தது. அதையும் மாற்றினாள். பிறகு ஒரு நாள் வெள்ளைப் புடவை ஒன்றுக்கு ஃபால்ஸ் தைக்க, மஞ்சள் சாக்கால் அவள் கோடு போட்டு முடித்திருந்தபோது அவர் எட்டிப் பார்த்து, "இன்னாமே, கோடு போடாமயே தைக்கிற?" என்றார்.

கமலம் கோட்டைப் பார்த்தாள். சுண்டு விரல் தடிமனுக்கு இருந்தது கோடு. பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். பாவையில் பழைய காகிதம்போல ஒரு பழுப்பு.

"கண்ணாஸ்பத்திரி ஒரு தபா போய்ட்டு வந்துடலாமா?"

"இன்னாது? என் கண்ணையா? தட்சிணாமூர்த்தி கண்ணையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே நாலு வருடம் ஓடியது. கமலம் மெஷினுக்கு அடியில் ஒரு மூட்டை கட்டி வைத்துக்கொண்டாள். அதில் எல்லா நிறத்திலும் ஒரு படி முன்னும் பின்னுமாகத் துண்டுகள். அவர் வீசுவது சரியாக இருந்தால் மடிப்பாள். தப்பாக இருந்தால் மடிக்கிற சாக்கில் மாற்றுவாள். மதியம் அவர் கண் அயரும்போது பழையதை அடுக்கில் செருகிவிடுவாள்.

சும்மா மாற்றியிருந்தால் அவள் கமலமே இல்லை. கோயம்பேட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவரின் மகள் அவள். ஒரு மூட்டை இறங்கினாலும் சுவரில் ஒரு கோடு இழுத்துப் பழகிய வீடு. மாற்றிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோடு, ஐந்து சேர்ந்தால் ஒரு கட்டு. எழுதிய இடம்தான் விசேஷம். தட்சிணாமூர்த்தியின் இருக்கைக்கு நேர் எதிரே இருந்த வெள்ளை சன்மைக்கா அலமாரிக் கதவில், மஞ்சள் சாக்கால் எழுதினாள். நாலு வருடம் அவர் அந்தக் கதவைப் பார்த்தபடிதான் டீ குடித்தார், கொட்டாவி விட்டார். ஒரு கோடுகூட அவர் கண்ணில் படவில்லை. என்றைக்காவது பெரிய சண்டை வரும், அன்றைக்குக் கதவைக் காட்டலாம் என்று அவள் நினைத்திருந்தாள். சண்டைகள் வந்தன. எதுவும் அந்தக் கணக்கை எடுக்கிற அளவுக்குப் பெரியதாக இல்லை.

கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனது ரவிக்கைத் துண்டு இல்லை, ரூபாய் நோட்டு. ஊதா நூறுக்கும் சாம்பல் ஐந்நூறுக்கும் வித்தியாசம் தெரியாமல், ஒரே வாரத்தில் இரண்டு முறை மீதி நூறுக்கு ஐந்நூறைக் கொடுத்துவிட்டார். துண்டு தப்பினால் மானம்தான் போகும். இது எண்ணூறு ரூபாய். மறுநாள் காலை அவரே சட்டை மாட்டிக்கொண்டு, "கெளம்புமே" என்றார்.

ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த மறுநாள், வீட்டில் இட்லித் தட்டைப் பார்த்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"இட்லிக்கு நீலம் போட்டியா?"

"இட்லிக்கு யார்னா நீலம் போடுவாங்களா? துன்னுங்க."

அவர் இடது கண்ணை மூடினார். பிறகு வலது கண்ணை மூடினார். மறுபடி இடது. "கமலா! இந்தக் கண்ணுக்கு இட்லி சுண்ணாம்பு மாதிரி கீது. அந்தக் கண்ணுக்கு நெய் ஊத்துன மாதிரி கீது. எது நெசம்?"

"நெய் ஊத்தல."

"அப்ப ஆஸ்பத்திரிக் கண்ணுதான் நெசம்!" என்று தொடையில் தட்டினார். அன்று முழுக்க வீட்டில் ஒரு சாமானை விடவில்லை. கீரையின் பச்சையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். கதவுத் திரையைப் பார்த்து, இது பழுப்பு என்றுதானே வாங்கினோம், எப்போது ஊதாவாயிற்று என்று விசாரித்தார். சாயங்காலம் கமலத்தின் முகத்துக்கு அருகே வந்து வெகுநேரம் பார்த்தார். அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

"உன் மூக்குத்தி நீலக் கல்லா?"

"நீங்கதான வாங்கிக் குடுத்தீங்க."

"ஏமாத்திட்டான்னுல்ல நெனச்சுகினு இருந்தேன். கறுத்துப் போச்சேன்னு."

கமலத்துக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அலமாரிக் கதவின் கோடுகளும் ஞாபகம் வந்தன. மூக்குத்தி தெரிந்தால் கதவும் தெரியும். மறுநாள் அவருக்கு முன்னால் போய்க் கடையைத் திறந்து, ஈரத்துணியோடு கதவின் முன் நின்றாள். மேலே இருந்த முதல் கட்டைத் துடைத்தாள். ஐந்து கோடு போனது. இரண்டாவது கட்டில் துணியை வைத்தாள், கை நகரவில்லை. நாலு வருடக் கணக்கை எந்த மண்டிக்காரன் மகள் அழிப்பாள்? துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, பாத்திரக்கடையில் கொடுத்த பெரிய காலண்டரைக் கதவின் மேல் மாட்டினாள்.

தட்சிணாமூர்த்தி கடைக்கு வந்த வேகத்தில் காலண்டரைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அடுக்குகளின் முன் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "அய்யய்யே" என்றார். "கமலா, வெள்ளையில மட்டும் ஒம்போது வெள்ளை கீது! எல்லாத்தையும் ஒரே தட்டுல போட்டு வெச்சுகினு இருந்திருக்கேன்." இரண்டு நாள் கடையை அரைக் கதவு சாத்திவிட்டு ஆயிரத்து நானூறு துண்டையும் இறக்கி, புதுக் கண்ணால் பார்த்துப் பார்த்து அடுக்கினார். வேம்புலி ஜூஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அண்ணாத்தே, கட தீப்புடிச்ச மாதிரி கீது" என்றான்.

"இப்பத்தான்டா வேம்புலி கலரே தெரியுது. இம்மாங்காலம் நான் கரை தின்னும், கரை முழுங்கும்னு பேசிகினு இருந்ததெல்லாம் கண்ணு மங்குனவன் போடுற கணக்கு. கண்ணு நல்லா இருந்தா கணக்கு எதுக்கு? பாத்தா தெரியுது!"

கமலத்துக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் முப்பத்திரண்டாயிரம் ரூபாய்க் கண்ணிடம் பிக்கோ மெஷின்காரி என்ன சொல்வது? மாற்றுகிற வேலை இனி இல்லை என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது. மூட்டையை மட்டும் அவள் பிரிக்கவில்லை.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மழை தூறி விட்ட நேரத்தில், பாரிவாக்கத்து வனஜா வந்தாள். கம்பெனி ஒன்றில் கேன்டீன் பார்க்கிறவள், ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். மகள் எழிலரசிக்கு அடுத்த திங்கள் கல்யாணம். ரிசப்ஷன் புடவையோடு வந்த ரவிக்கைத் துண்டைத் தையல்காரர் அளவு தப்பி வெட்டிவிட்டார். அதே நிறத்தில் வேறு துண்டு வேண்டும்.

புடவை பிரிந்தது. கை அகலத்துக்கு வாடாமல்லிக் கரை, உடலெல்லாம் வாடாமல்லிப் பூ. நடுவே வெளிறிய ஒரு நிறம்.

தட்சிணாமூர்த்தி இடது கண்ணை மூடி, கண்ணை உடல் துணியில் ஒட்டுகிற மாதிரி குனிந்தார். "சாம்பல்" என்று அறிவித்துவிட்டு ஒரு துண்டை உருவி வீசினார்.

துண்டு கமலத்தின் மடியில் விழுந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய வாடாமல்லிக் கரை, இந்தச் சாம்பலைச் சாம்பலாக விட்டு வைக்குமா? மூட்டையில் இருக்கிறது, சாம்பலுக்கும் பிஸ்தாவுக்கும் நடுவில் ஒன்று. கை தன்பாட்டுக்கு மெஷினுக்கு அடியில் போனது. நிமிர்ந்தாள். அவர் பளிச்சென்ற புதுக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை திரும்பி வந்துவிட்டது.

"வெயில்ல பாக்கலியேண்ணே" என்றாள் வனஜா.

"என் கண்ணுதாம்மா இப்ப வெயிலு."

கமலம் மடித்து உறையில் போட்டாள்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வனஜா வந்தாள், மகளோடும் புடவையோடும். வெயில் இரண்டு தூணுக்கு நடுவே சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வனஜாவின் குரல் கடைக்குள் வருவதற்கு முன்பே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது.

"அண்ணாத்தே! பிஸ்தா கலர் பொடவைக்குச் சாம்பலத் தூக்கிக் குடுத்துகிறியே, எம் பொண்ணுக்கு இன்னா கண்ணாலமா, கருமாதியா? தையல்காரரு கத்திரி வெக்க மாட்டேன்னுட்டாரு!"

"யாரும்மா பிஸ்தான்னு சொன்னது? அது சாம்பல்."

"நான் சொல்றேன். இவ சொல்றா. பொடவ வித்தவன் சொன்னான். மாப்ள ஊட்ல கூட பிஸ்தா சூப்பர்னுட்டாங்க. நீ ஒருத்தன்தான் சாம்பல்ன்ற."

எழிலரசி வாசலில் நின்று புடவையைத் தோளில் போட்டு, மறு தோளில் ரவிக்கைத் துண்டை வைத்துக்கொண்டாள். உண்மையிலேயே ஒன்று இளம்பச்சையாகவும் மற்றது சாம்பலாகவும்தான் இருந்தது. வேம்புலி ஜூஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்துவிட்டான்.

"சண்ட வோணாம். ஓட்டெடுப்போம். நியாயமா நடக்கும். இன்னா அண்ணாத்தே?"

பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டு, ஜூஸுக்கு நின்றவர்கள், ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்கள் எல்லாரையும் வரிசையில் விட்டான். ஐயப்பன்தாங்கல் ஃபிளாட்டில் குடியிருக்கிற ஸ்ரீநாத் என்கிற ஐ.டி. இளைஞர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் நடுவுல மாதிரி இருக்குங்க" என்றார். "செல்லாத ஓட்டு. அடுத்த ஆள் வா" என்றான் வேம்புலி. முடிவில் பிஸ்தா பதினொன்று, சாம்பல் மூன்று, செல்லாதது ஒன்று. சாம்பலின் மூன்றில் ஒன்று தட்சிணாமூர்த்தி, ஒன்று அக்கம்பக்கத்து விசுவாசத்தில் வேம்புலி, மூன்றாவது வேம்புலி சொன்னபடி கேட்கிற ஓர் ஆட்டோக்காரர்.

தட்சிணாமூர்த்தி விடவில்லை. சட்டைப் பெட்டி அட்டை ஒன்றை எடுத்து, ஒரு ரூபாய்க் காசு அளவில் இரண்டு ஓட்டை வெட்டினார். புடவையையும் துண்டையும் ஸ்டூலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து அட்டையை மேலே வைத்தார். ஒரு ஓட்டையில் புடவை உடல், மறு ஓட்டையில் துண்டு. கரையும் பூவும் மறைந்துவிட்டன.

கூட்டம் குனிந்தது. இரண்டு ஓட்டையிலும் ஒரே சாம்பல். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"இப்ப சொல்லுங்கடா!" என்று அவர் நிமிர்ந்தபோது ஓர் அடி உயரம் கூடியிருந்தார்.

"மாமா," என்றாள் எழிலரசி மெதுவாக, "அட்டைய எடுங்க."

எடுத்தார். புடவை பிஸ்தாவாகிவிட்டது.

"வைங்க."

வைத்தார். சாம்பல்.

"மெர்சலா கீது மாமே" என்றான் ஆட்டோக்காரர் பக்கத்தில் நின்ற ஒருவன். கூட்டம் இன்னொரு முறை கேட்டது. இன்னொரு முறை காட்டினார். ஆவடி பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார். வித்தை காட்டுகிறவர் முகத்தில் இருக்கவேண்டிய சந்தோஷம் மட்டும் தட்சிணாமூர்த்தி முகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தான் முப்பது வருடம் சொல்லிவந்து, இந்த மாதம் தூக்கி எறிந்த சூத்திரம் ஸ்டூல் மேல் கிடந்ததை அவரும் பார்த்துவிட்டார்.

வனஜா இடுப்பில் கை வைத்தாள். "சரிண்ணே, ஒத்துக்கிறேன். நெசத்துல சாம்பல்தான். அப்ப மண்டபத்துக்கு வர்ற எட்நூறு பேருக்கும் வாசல்லயே ஆளுக்கொரு ஓட்ட அட்ட குடுத்து உள்ள உடவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், இரக்கமாகத்தான் சொன்னது: "பாவம், ஆபரேஷன் பண்ணாருல்ல, அதுல கண்ணு போய்டுச்சி போல. இனிமே ஆவடியிலயே பாத்துக்கணும்."

அது கமலத்தின் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அவர் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கமலம் இருக்கையை விட்டு எழவில்லை. குனியவும் இல்லை. கையை மட்டும் மெஷினுக்கு அடியில் விட்டு, பார்க்காமலே ஒரு துண்டை உருவினாள். பிறகுதான் எழுந்து வந்து, எழிலரசியின் தோளில் இருந்த சாம்பலை எடுத்துவிட்டு இதைப் போட்டாள்.

புடவையும் துண்டும் ஒரே தறியில் இறங்கிய மாதிரி ஆகிவிட்டன.

"யக்கா!" என்றாள் வனஜா.

எழிலரசி படித்த பெண், சும்மா இருப்பாளா? அட்டையை வாங்கி இரண்டின் மேலும் வைத்துப் பார்த்தாள். ஒரு ஓட்டையில் சாம்பல், மறு ஓட்டையில் இளம்பச்சை. எடுத்தாள். ஒன்றே. "ஒண்ணா இருந்தா வேற வேறயா தெரியுது. வேற வேறயா இருந்தா ஒண்ணா தெரியுது. இன்னாக்கா இது?"

"கரை நெறத்தத் தின்னும்" என்றாள் கமலம். "உங்க மாமா கண்டுபுடிச்சது. முப்பது வருஷமா சொல்றாரு."

"தின்னட்டும், எனுக்கு இன்னா. இதான் மேட்சிங்" என்று வனஜா உறைகூடக் கேட்காமல் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். வேம்புலி கூட்டத்தைப் பார்த்து, "ஓட்டு முடிஞ்சிச்சு, வெயில உட்டு நவுருங்கோ" என்றான்.

மதியம் கடையில் ஆள் இல்லை. டிபன் கேரியரைத் திறந்து, காராமணி போட்ட கருவாட்டுக் குழம்பைக் கமலம் சோற்றில் ஊற்றினாள். தட்சிணாமூர்த்தி ஒரு வாய் சாப்பிட்டார். ஃபேன் காற்றில் காலண்டர் தூக்கித் தூக்கி அடித்தது.

"எரநூத்திப் பதிமூணு" என்றார்.

கமலத்தின் கையில் கருவாடு நின்றுவிட்டது. "இன்னாது?"

"கோடு. காலண்டருக்குப் பின்னால. கடைக்கு வந்த மொத நாளே பாத்துட்டேன். நாப்பத்திரெண்டு கட்டு, மேல மூணு. நீ ஏதோ சீட்டு கட்டுறன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா பங்கு கேக்குறேன்னு நெனப்பியே." ஒரு கவளம் உருட்டினார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "இன்னிக்கு நீ பாக்காமயே கைய உட்டு எடுத்த பாரு. அப்பத்தான் அது இன்னா சீட்டுன்னு புரிஞ்சுது. எத்தினி வருஷம்?"

"நாலு."

அவர் கவளத்தை மறுபடி உருட்டினார்.

"மீதியெல்லாம்?" என்றார் சின்னக் குரலில். "எரநூத்திப் பதிமூணு போவ மீதி?"

"மீதி ஆயிரக்கணக்குல கீது. அதெல்லாம் நீங்கதான். ஒண்ணு கூட நான் தொடல."

அவர் கவளத்தை வாயில் போட்டார். மெல்ல மெல்ல முகத்தில் வியாபாரி திரும்பி வந்தான். "சரி. எரநூத்திப் பதிமூணுன்றது பேஜாரான நம்பரு. எரநூறுன்னு வெச்சிக்கோ."

"ரவுண்டு அடிக்கிறதெல்லாம் கஸ்டமர்கிட்ட. அதுவுமில்லாம அது எரநூத்திப் பதினெட்டு. மேல ஒரு கட்ட நான்தான் தொடச்சேன்."

"கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்குக் கணக்கு இன்னா?"

"நாலு வருஷமா எல்லாக் கோடுமே உங்க கண்ணுக்குத் தெரியாத கோடுதான்."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "நீ மாத்திக் குடுத்ததுல திரும்பி வந்தது மூணு. அந்தப் போலீஸ்காரர் சம்சாரம், ஆவடி டீச்சர், அப்பறம் அந்தக் கத்திரிப்பூ பொடவ. நான் எடுத்தது எப்டி இப்டி ஆச்சுன்னு மண்டைய ஒடச்சிகினேன். மூணு பேர்கிட்டயும் திட்டு வாங்குனது யாரு? நானு. கழி."

கமலம் நினைத்துப் பார்த்தாள். மூன்றும் உண்மை. அதிலும் டீச்சர் திட்டியது கொஞ்சநஞ்சமில்லை. "சரி, மூணு கழிச்சிக்கோங்க. எரநூத்திப் பதினஞ்சு. இன்னிக்கு ஒண்ணு சேத்தா பதினாறு."

"எரநூத்திப் பதினாறு" என்று ஒப்புக்கொண்டு தட்டில் கை கழுவினார். "எப்டி அடைக்கிறது?"

"ஒண்ணொண்ணா. வர்ற கஸ்டமர் எதுர்ல வாயத் தொறந்து, 'இத்த எடுத்தது எங்க ஊட்டுக்காரி'ன்னு சொல்லணும். ஒரு தபா சொன்னா ஒரு கோடு அழிப்பேன்."

"ஒரு போர்டு எழுதி வாசல்ல மாட்டிட்டா? மொத்தமா தீந்துடும்ல?"

"மொத்த வியாபாரம் கெடையாது. சில்லறதான்."

"புதன்கெழம அந்தக் கண்ணும் ஆபரேஷன். ஆஸ்பத்திரி நாளுக்கெல்லாம் கணக்கு ஓடாதே?"

"ஓடாது. நிக்கும்."

மூன்று மணிக்குப் பட்டாபிராமிலிருந்து ஒருத்தி வந்தாள். மாம்பழ மஞ்சள் புடவை, அரக்குக் கரை. தட்சிணாமூர்த்தி முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு மற்றக் கண்ணை. பிறகு இரண்டையும் திறந்துகொண்டு கரையைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, ஒரு துண்டை உருவி வீசினார். கமலம் பார்த்தாள். கரைக்குக் கணக்குப் போட்டது சரி, ஆனால் ஒரு படிக்குப் பதிலாக இரண்டு படி தள்ளிவிட்டார். இந்தத் தடவை மடிப்புச் சாக்கெல்லாம் இல்லாமல், அவர் கண் முன்னாலேயே மூட்டையை எடுத்து மடியில் வைத்துப் பிரித்து மாற்றினாள்.

தட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "இத்த எடுத்தது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கமலம் ஃபேனைப் பார்த்தாள்.

"இத்த எடுத்தது எங்க ஊட்டுக்காரி!" என்றார் வேம்புலி கடைக்குக் கேட்கும்படி.

"யார் எடுத்தா இன்னாண்ணா," என்றாள் பட்டாபிராம்காரி, "கலரு கரெக்டா கீது."

அவள் போனதும் கமலம் காலண்டரைக் கழற்றி ஓரமாக வைத்தாள். விரலை நாக்கில் தொட்டு ஒரு கோட்டை அழித்தாள். தட்சிணாமூர்த்தி திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அவள் மஞ்சள் சாக்கை எடுத்து, அழித்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு இழுத்தாள்.

"யேய், இது இன்னா அநியாயம்?"

"அடைச்சது ஒண்ணு. இப்ப மாத்துனது ஒண்ணு."

அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் ஒரு முறை முழுசாக எண்ணினார். மனதுக்குள் ஐந்தைச் சேர்த்து, மூன்றைக் கழித்து, இன்றைய ஒன்றைப் போட்டார். வரவு ஒன்று, பற்று ஒன்று. பாக்கி, இருநூற்றுப் பதினாறு.